உயிலில் வந்த வீட்டை விற்கும் முன்

சரக்கு வாங்கும்போது எடையும் தரமும் பார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. ஆனால் தகப்பனார் உயில் எழுதி வைத்த வீட்டை விற்கும்போது, "உயில்தான் கையில் இருக்கிறதே" என்று முதலில் அட்வான்ஸ் வாங்கிவிடுகிறோம். பெரும்பாலும் கடைக் கடனை அடைக்கத்தான் விற்கிறோம். கிரயம் நின்றுபோனால் கடன் வட்டியும் ஏறும், அட்வான்ஸையும் திருப்பித் தர வேண்டும். ஆகவே கீழ்க்கண்டவற்றை முன்னதாகவே கவனிப்போம்.

முதலாவது, உயில் செல்லுமா என்பது. எழுதியவர் கையொப்பமும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இருக்க வேண்டும். பதிவு கட்டாயம் அல்ல. பதிவான உயிலையும் பின்னால் எழுதிய உயில் ரத்து செய்துவிடும். சுயமாகச் சம்பாதித்த சொத்தை விருப்பம் போல் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுத முடியும். இஸ்லாமிய அன்பர்களுக்கு அவர்களது தனிச் சட்டம் பொருந்தும்.

இரண்டாவது, புரொபேட் என்னும் நீதிமன்ற மெய்ப்பிதழ். சென்னை மாநகரில் உள்ள சொத்துக்கு இந்துக்கள் எழுதிய உயில்களுக்கு இது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு 2025-இல் நீக்கப்பட்டதால் அந்தக் கட்டாயம் போயிற்று. ஆயினும் உடன்பிறந்தோர் ஆட்சேபித்தால், வாங்குபவரோ அவருக்குக் கடன் தரும் வங்கியோ மெய்ப்பிதழ் கேட்கலாம். ஆட்சேபணை இல்லாத இடத்தில், மற்ற வாரிசுகளைக் கிரயப் பத்திரத்தில் சம்மதக் கையொப்பம் இடச் செய்வது நல்லது. மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவை.

மூன்றாவது, ஆவணங்கள். அசல் உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும். பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு ஆகியவற்றை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, வரி. உயிலால் வீடு கிடைத்ததற்கு வருமான வரி இல்லை. விற்ற லாபத்துக்கு உண்டு. தகப்பனார் வாங்கிய விலையே நமக்கும் அடக்க விலை. அவர் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால் அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். உதாரணமாக, அந்த மதிப்பு ரூ. 6 லட்சம், விற்ற விலை ரூ. 60 லட்சம் என்றால் லாபம் ரூ. 54 லட்சம், 12.5 சதவீத வரி ரூ. 6,75,000, செஸ் தனி. விற்ற பின் இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ வரி விலக்குப் பெற வழியுண்டு. கடைக் கடன் அடைத்ததற்கு விலக்கு கிடையாது. எனவே வரிப் பணத்தைத் தனியே எடுத்து வைத்த பிறகே கடனைக் கணக்கிட வேண்டும்.

கடைசியாக, ரொக்கம். அட்வான்ஸ் உட்பட ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாகவே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. காசோலையிலோ வங்கி மூலமோ மட்டும் வாங்குவோம்.

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே வழக்கறிஞரையும் ஆடிட்டரையும் பார்த்துவிடுவது, பின்னால் கோர்ட் படி ஏறுவதைவிடச் செலவு குறைவு.