தரங்கம்பாடிக் கெளிறும் எங்கள் குளத்துக் கெளிறும்

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் படலையடிக்கு ஓர் ஐயா கந்தளாய்க் குளத்து மீனோடு சைக்கிளில் வருவார். "கெளிறெல்லாம் ஒரே சாதிதான் பிள்ளை, முள்ளுக் குத்தாமல் பிடியுங்கோ" என்பார். முள்ளைப் பற்றிச் சொன்னது சரி. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கெளிற்று முள் ஏறி அம்மாவின் உள்ளங்கை நாட்கணக்கில் வீங்கிக் கிடந்தது. ஒரே சாதி என்பதுதான் பிழை.

1794இல் பெர்லினிலிருந்த மார்க்குஸ் எலியேசர் புளொக், கோடுகள் ஓடும் சிறு கெளிறு ஒன்றுக்கு விற்றாற்றஸ் என்று பெயரிட்டார். அந்த மீன் தரங்கம்பாடியிலிருந்து போனது. இலங்கையில் பிடிபட்ட கோட்டுக் கெளிறுகளையும் பின்னாளில் அதே பெயரில் எழுதிவைத்தார்கள். 2016இல்தான் ஹிரண்ய சுதசிங்க, ரொஹான் பெத்தியாகொட, கலன மதுவகே, மாதவ மீகஸ்கும்புர ஆகியோர் இது வேறு இனம் என்று காட்டி, மிஸ்ரஸ் நானஸ் எனப் பெயரிட்டனர். நானஸ் என்றால் லத்தீனில் குள்ளன். அதற்கு முன், 2008இல் பெயர் பெற்ற இன்னொரு இலங்கைக் கெளிறு மிஸ்ரஸ் அங்குட்டா. அங்குட்டா என்பது சிங்களத்தில் கெளிற்றைக் கூப்பிடும் சொல்லேதான்.

புதிய இனம் என்றால் எவரும் காணாத மீனைக் காட்டாற்றில் பிடிப்பது என்றே நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது போத்தலுக்குள் கிடக்கும் மீன்களோடு செய்யும் வேலை. மீசை எவ்வளவு நீளம், முதுகிலுள்ள கொழுப்புச் செட்டை எங்கே தொடங்குகிறது, செட்டையில் எத்தனை கதிர், முள்ளந்தண்டில் எத்தனை எலும்பு என்று அளந்தும் எண்ணியும் பார்க்கவேண்டும். ஒரு மீன் போதாது. குஞ்சும் கிழடும், பல ஆறுகளின் மீனும் வேண்டும். இப்போது மரபணுவையும் ஒப்பிடுகிறார்கள். கடைசியில் ஒரு மீனை மூலமாதிரியாக அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பது.

பெயரில் என்ன இருக்கிறது? இந்திய மீனின் பெயரில் கிடந்தால், இங்குள்ள குளங்களில் அது அற்றுப்போனாலும் 'இந்தியாவில் நிறைய இருக்கிறது' என்றே ஏட்டில் இருக்கும். இலங்கைக்கு மட்டுமே உரியதென்றால், இங்கே அழிந்தால் உலகத்திலேயே இல்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் பக்கம், 2006இல் மூதூர்ச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய நிலம். அங்கே அப்போது மீசை அளக்க யார் போவார்?

போன கிழமை ஐயாவிடம் படங்களைக் காட்டினேன். "இது குளத்தில படும், மற்றது ஆற்று வாயில" என்று உடனே பிரித்தார்.

"பிறகேன் ஐயா ஒரே சாதி எண்டனீங்கள்?"

"விலை ஒண்டுதானே பிள்ளை."