கத்தும் கேமரா வந்தாச்சு! திருடனுக்கு கிலி, அப்பாவி மாட்டினால் என்ன கதி?

திருப்பூர்–

ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி. ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டையில் கால் வைக்க இடம் இல்லை.

சனிக்கிழமை வாங்கிய வாரச்சம்பளம் மடியில் இருக்கிறது. டெய்லர், கட்டிங், செக்கிங் என்று பனியன் கம்பெனி ஆட்கள் எல்லாம் குடும்பத்தோடு ஆஜர். வெளியூர் வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். கடை வாசலில் மலை போல டி-சர்ட் குவியல். "எதை எடுத்தாலும் நூறு… நூறு… நூறு!" என்று தொண்டை கிழிய கூவுகிறார்கள் கடைப்பையன்கள்.

இந்த நெரிசலில் ஒரு கை குவியலுக்குள் போகிறது. அடுத்த நொடி ஒரு டி-சர்ட் கட்டைப்பைக்குள் 'அபேஸ்'!

கடைப்பையன் பார்க்கவில்லை. கூரையில் இருக்கும் கேமரா பார்த்தது. பார்த்துவிட்டு சும்மா இருந்தது. அதுதான் இத்தனை நாள் கதை.

இப்போது கதை மாறுகிறது. 'ஏ.ஐ.' என்னும் செயற்கை நுண்ணறிவு கேமராவுக்குள் புகுந்துவிட்டது. பார்த்ததும் கூப்பிட கேமரா கற்றுக்கொண்டு விட்டது!

ஒன்று போனால் ஒன்பது

ஒரு டி-சர்ட்தானே என்று நினைக்கலாம். கடைக்காரரின் கணக்கு வேறு.

90 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 10 ரூபாய். ஒன்று திருட்டு போனால் அந்த 90 ரூபாயை எடுக்க இன்னும் ஒன்பது டி-சர்ட் விற்க வேண்டும். வாடகை, கரண்ட் பில், ஆள் சம்பளம் தனி.

ஏற்றுமதியில் 2024-25-ல் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாயை தொட்ட ஊர் திருப்பூர். ஆனால் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கை லாட்டாக எடுத்து விற்கும் சின்ன வியாபாரிக்கு பத்து ரூபாய்தான் பேச்சு.

பெரிய ஷோரூமில் துணிக்கு துணி வில்லை மாட்டி இருப்பார்கள். பில் போடாமல் வாசலை தாண்டினால் 'பீப்' என்று கத்தும். குவியல் வியாபாரத்தில் அது நடக்கிற காரியமா? அதனால்தான் சின்னக் கடைகளும் கேமராவை நம்புகின்றன.

ஊமைச் சாட்சி

கேமரா இருந்தும் கோட்டை விட்ட கதைகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு.

2019 அக்டோபர் 2-ந் தேதி திருச்சியில் பிரபல நகைக்கடை ஒன்றின் சுவரில் ஓட்டை போட்டார்கள். மிருக முகமூடி போட்ட 2 பேர் உள்ளே புகுந்து நகைகளை அள்ளினார்கள். போனது சுமார் 13 கோடி ரூபாய்! கேமராவில் எல்லாம் பதிவானது. விடிந்து கடை திறந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

2021 டிசம்பரில் வேலூரில் இன்னொரு நகைக்கடை. சிங்க முகமூடி போட்ட ஆசாமி கேமராக்கள் மீது 'ஸ்பிரே' அடித்து கண்ணைக் கட்டினான். சுமார் 16 கிலோ நகை அம்பேல். பிறகு ஆள் பிடிபட்டான். ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்த நகைகளை போலீசார் தோண்டி எடுத்தனர்.

2023 நவம்பரில் பக்கத்து ஊர் கோவையில், காந்திபுரத்தில் ஒற்றை ஆள் நகைக்கடைக்குள் புகுந்து கைவரிசை காட்டினான். அங்கேயும் படம் உண்டு. காலையில் ஊழியர்கள் வந்த பிறகுதான் கூக்குரல்.

போலீசாருக்கு துப்பு கொடுப்பதில் கேமராவுக்கு பங்கு உண்டு. ஆனால் திருட்டை தடுத்ததா? இல்லை. நடந்ததை எல்லாம் பார்த்த ஊமைச் சாட்சி அது. ஏனென்றால் ராத்திரி 2 மணிக்கு 16 கேமரா படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஊமைக்கு வாய்

அந்த வேலையைத்தான் ஏ.ஐ. செய்கிறது. அது தூங்காது. டீ குடிக்க போகாது.

பழைய கேமராவிலும் 'ஏதோ அசைகிறது' என்று சொல்லும் வசதி இருந்தது. நாய் ஓடினாலும் சத்தம். மரம் ஆடினாலும் சத்தம். நாலு நாள் பார்த்துவிட்டு முதலாளியே அதை அணைத்து விடுவார்.

இப்போது வரும் எந்திர மூளைக்கு லட்சக்கணக்கான படங்களைக் காட்டி பழக்கி இருக்கிறார்கள். இது மனிதன், இது நாய், இது மோட்டார் சைக்கிள் என்று பிரித்து சொல்கிறது. திரையில் ஆளைச் சுற்றி ஒரு கட்டம் விழும். கடை மூடிய பிறகு மனித உருவம் கோட்டை தாண்டினால் முதலாளியின் செல்போன் அலறும். யாராவது கேமராவை துணியால் மூடினாலும், பெயிண்ட் அடித்தாலும், 'என் கண்ணை மறைக்கிறார்கள்' என்று அதுவே தகவல் கொடுக்கும்.

பல வசதிகளை இன்று கடையில் விற்கும் சாதாரண கேமராவிலேயே போட்டுக் கொடுக்கிறார்கள்.

கை எங்கே போகுது?

இதற்கும் ஒரு படி மேலே போனது ஜப்பான். அங்கே 'வாக்' என்ற நிறுவனம் ஆளின் நடை, கை அசைவு, திருதிரு பார்வை ஆகியவற்றை வைத்து சந்தேகம் சொல்லும் எந்திர மூளையை உருவாக்கியது. 2018-ல் யோகோஹாமாவில் ஒரு கடைத் திருடனை பிடிக்க அது உதவியது. பிரான்சு நாட்டின் 'வீசியோன்' நிறுவனமும் இதே வழிதான். முகம் யாருடையது என்று அது பார்ப்பது இல்லை. பொருளை எடுத்த கை கூடைக்கு போகிறதா, சட்டைக்குள் போகிறதா என்று பார்க்கிறது.

கல்லாவில் நடக்கும் தில்லுமுல்லுக்கும் ஆள் உண்டு. அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றில், பில் போடாமல் பைக்குள் போகும் பொருளை கேமரா கண்டுபிடிக்கிறது என்று 2019-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

திருடன் மட்டும் அல்ல, தீயும் கடைக்கு எதிரி. 2023 ஜூன் மாதம் ஒரு ராத்திரி காதர்பேட்டை பனியன் பஜாரில் பிடித்த தீயில் சுமார் 50 கடைகள் சாம்பல் ஆனதை திருப்பூர் மறக்காது. புகையையும் தீ நாக்கையும் பார்த்ததும் சொல்லும் ஏ.ஐ. கேமராக்கள் இப்போது உண்டு. துணிக்கடைக்கு திருட்டு எச்சரிக்கையைவிட இது பெரிய உபகாரம்.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. இனிமேல்தான் சிக்கல்.

முகத்தில் முத்திரை

அடுத்த கட்டம், முகத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்வது. கண், மூக்கு, தாடை அமைப்பை எந்திரம் எண்களாக மாற்றுகிறது. ஏற்கனவே உள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. 'இது அவன் போல இருக்கிறது' என்கிறது. 'இது அவன்தான்' என்று அது சொல்லவே இல்லை. பார்க்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள்!

தமிழ்நாட்டுக்கு இது புதிது அல்ல. 2017-ல் சென்னை தியாகராய நகர் தீபாவளி கூட்டத்தில் பழைய குற்றவாளிகளை பிடிக்க 'பேஸ்டாகர்' என்ற செயலியை போலீசார் பயன்படுத்தினர். 2021 அக்டோபரில் மாநிலம் முழுவதற்குமான முக அடையாள மென்பொருளை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே கள்ளத்தனமாக புகுந்து பதிவுகளை கசிய விட்டார்கள். போலீஸ் பெட்டிக்கே பூட்டு உடைந்தது என்றால், கடைக்காரர் வைத்திருக்கும் பெட்டி எம்மாத்திரம்?

30 பேரில் 20 பேர்

'நூற்றுக்கு 99 சரியாக சொல்லும்' என்று விற்பனையாளர் சொன்னால், உடனே தலை ஆட்டிவிடக் கூடாது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. கடைக்கு 2 ஆயிரம் பேர் வருகிறார்கள். அதில் திருட வந்தவர்கள் 10 பேர் என்று வைப்போம். எந்திரம் பத்து பேரையும் பிடித்துவிட்டது. சபாஷ். ஆனால் மீதி 1,990 பேரில் நூற்றுக்கு ஒருவரை தப்பாக காட்டினால் அது சுமார் 20 பேர்.

ஆக, மணி அடித்தது 30 தடவை. அதில் 20 பேர் அப்பாவிகள்! நிறுத்தப்பட்ட மூன்று பேரில் இரண்டு பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

பையை காட்டு!

இந்தக் கணக்கு நிஜத்திலும் நடந்தது.

அமெரிக்காவில் 'ரைட் எய்ட்' என்ற மருந்துக்கடை நிறுவனம் 2012 முதல் 2020 வரை நூற்றுக்கணக்கான கடைகளில் முகம் அறியும் கேமரா வைத்தது. ஆயிரக்கணக்கான தடவை தப்பாக மணி அடித்தது. ஊழியர்கள் வாடிக்கையாளரின் பின்னாலேயே நடந்தார்கள். வெளியே போகச் சொன்னார்கள். 11 வயது சிறுமி ஒருத்தியை நிறுத்தி சோதனை போட்டார்கள். 2023 டிசம்பரில் அந்நாட்டு வணிக ஆணையம் 5 ஆண்டுக்கு முகம் அறியும் கேமராவே கூடாது என்று தடை போட்டது.

இங்கிலாந்தில் 2024-ல் ஒரு பெண் சாமான் வாங்க கடைக்குள் போனார். 'நீ திருடி' என்று சொல்லி பையை சோதித்து வெளியே அனுப்பினார்கள். வழி எல்லாம் அழுதபடி வீடு போய்ச் சேர்ந்தார். எந்திரம் ஆள் மாறி சொன்னது என்று கேமரா நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. போன மானம் திரும்பி வந்ததா?

எந்திரம் எல்லா முகத்தையும் ஒரே மாதிரி படிப்பதும் இல்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆண்களைவிட பெண்களை அதிகமாக ஆள் மாற்றி சொல்வது தெரிந்தது. ஆப்பிரிக்க, ஆசிய முகங்களிலும் தவறு கூடுதல்.

திருப்பூருக்கு இது முக்கியம். பீகார், ஒடிசா, வடகிழக்கு என்று பல மாநிலத்து முகங்கள் நடமாடும் ஊர் இது. 2023 மார்ச் மாதம் வடமாநில தொழிலாளர்களை தாக்குவதாக பொய் வீடியோ பரவியபோது எவ்வளவு பீதி! போலீசாரும் அதிகாரிகளும் கம்பெனி கம்பெனியாக போய் தைரியம் சொன்னார்கள். ஒரு பொய்ப் படம் ஊரையே உலுக்கியது. கடை வாசலில் ஒரு பொய் மணி அடித்தால், பாஷை தெரியாத ஒரு பையன் கூட்டத்தின் நடுவில் என்ன செய்வான்?

சட்டம் என்ன சொல்லுது?

திருட்டுக்கு பாரதீய நியாய சன்ஹிதா 303-வது பிரிவு. முதல் தடவை, 5 ஆயிரம் ரூபாய்க்கு குறைந்த பொருள், திருப்பியும் கொடுத்தாச்சு என்றால் சமூக சேவைதான் தண்டனை. ஒருவரை கடைக்குள் அடைத்து வைத்து மிரட்டினால் அது கடைக்காரர் மேல் குற்றம்.

உடை மாற்றும் அறைப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. 77-வது பிரிவு பாயும். முதல் குற்றத்துக்கே 1 ஆண்டில் இருந்து 3 ஆண்டு வரை ஜெயில்.

கேமரா படத்தை கோர்ட்டு ஏற்க, சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். பதிவுப் பெட்டியின் கடிகாரமே தப்பாக ஓடினால் எதிர் வக்கீலுக்கு கொண்டாட்டம்.

முகமும் தனிநபர் தகவல்தான். அதற்கான சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கிய கடமைகள் 2027-ல் அமலுக்கு வருகின்றன. இஷ்டத்துக்கு முகத்தை சேர்த்து வைத்து வாட்ஸ்-அப்பில் 'திருடி' என்று சுற்ற விடும் காலம் முடியப் போகிறது.

கடைக்காரருக்கு நாலு வார்த்தை

பதிவுப் பெட்டியை கல்லா மேஜைக்கு அடியில் வைக்காதீர்கள். விவரமான திருடன் பெட்டியையும் சேர்த்து தூக்கிக்கொண்டு போவான். கம்பெனியில் இருந்து வந்த '12345' பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். பஞ்சுத்தூசி படிந்தால் எந்த மூளையும் குருடுதான். வாரம் ஒரு முறை லென்சை துடையுங்கள். 'இங்கே கேமரா உள்ளது' என்று தமிழிலும் இந்தியிலும் போர்டு வையுங்கள்.

ராத்திரிக் காவலுக்கும் தீக்கும் எந்திரத்தை தாராளமாக நம்பலாம். பூட்டிய கடைக்குள் மனித உருவம் நடமாடினால் அது பெரும்பாலும் தப்பான ஆள்தான். பகலில் அப்படி அல்ல.

மணி அடித்தால் முதலில் படத்தை ஓட்டிப் பாருங்கள். கை பைக்குள் போனது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், கூட்டத்தை கூட்டாமல், பெண் என்றால் பெண் ஊழியரை விட்டு, "ஏனுங்க அக்கா, அந்த துணிக்கு பில் போட்டாச்சுங்களா?" என்று கேட்கலாம். திருடி என்றால் துணி திரும்பும். இல்லை என்றாலும் அக்கா சிரித்துக்கொண்டே பில்லை காட்டுவார். அடுத்த ஞாயிறும் வருவார்.

90 ரூபாய் டி-சர்ட் போனால் ஒன்பது விற்று ஈடு கட்டலாம். ஆறு நாள் நின்றுகொண்டே செக்கிங் பார்த்து, வாரச்சம்பளத்தில் பிள்ளைக்கு துணி எடுக்க வந்த ஒரு தாயை நாலு பேர் முன்னால் 'திருடி' என்று நிறுத்திவிட்டால், அதை எத்தனை விற்று ஈடு கட்டுவது?

கேமரா கத்தட்டும். தீர்ப்பை மனுசன் சொல்லட்டும்.