மருத்துவமனைக்கு வெளியே பயிற்சி: செயல்முறை சிகிச்சை மாணவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்படுவது ஏன்?

பிரிட்டனில் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறை சிகிச்சையைப் பயிலும் மாணவர்கள், மருத்துவமனைகளுக்கு மட்டுமன்றி, சமூகத் தோட்டங்களை நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கும் களப்பயிற்சிக்காக அனுப்பப்படுகின்றனர். இத்தகைய தோட்டங்கள் பலவற்றில் அத்துறைச் சிகிச்சையாளர் எவரும் பணியில் இருப்பதில்லை. இப்பயிற்சியின் பயனும் சிக்கலும் அதிலேயே அடங்கியுள்ளன.

செயல்முறை சிகிச்சை என்றால் என்ன?

நோய், விபத்து, மனநலப் பாதிப்பு போன்றவற்றால் அன்றாடச் செயல்களைச் செய்ய இயலாதவர்கள், அவற்றை மீண்டும் செய்வதற்கு உதவுவதே இச்சிகிச்சை. உடை அணிவது, சமைப்பது, வேலைக்குச் செல்வது என அனைத்தும் இதில் அடங்கும். இயன்முறை சிகிச்சை உடலின் இயக்கத்தில் கவனம் செலுத்துகிறது. செயல்முறை சிகிச்சையோ, ஒருவர் தமது வாழ்வில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்ய விரும்புகிறார் என்பதிலிருந்து தொடங்குகிறது.

உலக செயல்முறை சிகிச்சையாளர் கூட்டமைப்பின் விதிப்படி, பட்டம் பெறுவதற்கு மாணவர்கள் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

தோட்டம் ஏன்?

ஒரு நாற்றை நடுவதற்குக் குனிய வேண்டும், பிடிக்க வேண்டும், வரிசையை நினைவில் கொள்ள வேண்டும், அருகில் இருப்பவருடன் பேச வேண்டும். ஒரு செயலை இவ்வாறு கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பதே இத்துறையின் அடிப்படைத் திறன். பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவருக்கு உயரமான பாத்தி, தடித்த கைப்பிடி கொண்ட கருவி. மன அழுத்தம் உள்ளவருக்கு ஒரே அமர்வில் முடியும் சிறு வேலை என மாணவர் செயலை மாற்றி அமைக்கிறார்.

பிரிட்டனில் தோட்டக்கலை வழிச் சிகிச்சைக்கென 1979-இல் தொடங்கப்பட்ட 'த்ரைவ்' தொண்டு நிறுவனம் இன்றும் செயல்படுகிறது. மனநலப் பாதிப்பு உள்ளவர்களை இயற்கை சார்ந்த செயல்பாடுகளுக்குப் பரிந்துரைக்கும் முன்னோடித் திட்டம் 2021-இல் இங்கிலாந்தின் 7 பகுதிகளில் தொடங்கப்பட்டது.

மேற்பார்வை யார்?

இவ்வகைப் பயிற்சியில் மாணவருக்கு இரு வழிகாட்டிகள் உண்டு. தோட்டப் பணியாளர் ஒருவர் அன்றாட வேலைகளைக் கவனிக்கிறார். தகுதி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் வெளியிலிருந்து குறிப்பிட்ட இடைவெளிகளில் மாணவருடன் கலந்துரையாடி, தொழில்முறைப் பொறுப்பை ஏற்கிறார்.

இரண்டாவது வழிகாட்டி முறையாகச் செயல்படாவிட்டால், மாணவர் ஊதியமில்லாத் தோட்டத் தொழிலாளராகவே மாறிவிடும் அபாயம் உள்ளது. களை எடுப்பது மட்டும் பயிற்சி ஆகாது. யாருக்கு, எந்த இலக்குடன், என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதை அவர் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டனில் 'செயல்முறை சிகிச்சையாளர்' என்ற பெயர் சட்டப் பாதுகாப்பு பெற்றது. பதிவு பெற்றவர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும் என்பதால், மாணவரின் எல்லையைத் தொண்டு நிறுவனமும் அறிந்திருப்பது அவசியம்.

மற்றொரு கேள்வியும் உண்டு. சில வாரங்களில் மாணவர் விடைபெற்ற பின், தோட்டத்திற்கு வருபவர்களின் நிலை என்ன? கருவிகளில் செய்த மாற்றங்கள், எளிய மதிப்பீட்டுப் படிவங்கள், பணியாளர்களுக்கான குறிப்புகள் ஆகியவற்றை விட்டுச் சென்றால் மட்டுமே அப்பயன் நீடிக்கும்.

இந்தியாவில் நிலை என்ன?

இந்தியாவில் இக்கல்வி 1950-இல் மும்பை கேஇஎம் மருத்துவமனையில் தொடங்கியது. 1952-இல் உலகக் கூட்டமைப்பை உருவாக்கிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இத்துறை உள்ளிட்ட சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தத் தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2021-இல் நிறைவேற்றப்பட்டது.

உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற இந்தியப் படிப்புகளுக்கும் 1,000 மணி நேர விதி பொருந்தும். அந்நேரம் முழுவதையும் மருத்துவமனையிலேயே கழிக்க வேண்டும் என்று அவ்விதி வலியுறுத்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.