கடல் கடந்த கைப்பேசி

வெள்ளாற்றங்கரையிலுள்ள எங்கள் லப்பைக்குடிக்காட்டில் பல வீட்டுப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். அன்று கடிதமும் ஒலிநாடாவும் சுமந்துவந்த செய்தியை இன்று கைப்பேசி நொடியில் கொணர்கிறது. ஆயினும் அறியாமைக்கு அது வாங்கும் விலை பெரிது. துபாய் சென்ற என் தங்கை மகன், ஊரில் வாங்கிய மாதக் கட்டணச் சிம்மைக் கொண்டே வீட்டுக்குப் படங்கள் அனுப்பினான். முதற்சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே கரைந்தது.

காரணம் யாது? அயல்நாட்டில் நமது சிம் அந்நாட்டு நிறுவனத்தின் கோபுரத்தை இரவல் கொள்கிறது. இதனையே 'ரோமிங்' என்பர். இரவலுக்கு வாடகை உண்டு. நாம் வாளாவிருப்பினும் கருவி தானே இணையத்தை நாடிச் செலவு வைக்கும்.

ஆகவே, விமானம் ஏறுமுன் 'டேட்டா ரோமிங்' வசதியை அணைத்துவிடுங்கள். இறங்கியதும் கடவுச்சீட்டைக் காட்டி அந்நாட்டுச் சிம் வாங்குங்கள். பழைய சிம்மை எறிந்துவிடாதீர்கள், வங்கியின் ஓ.டி.பி. அதற்கே வரும். முன்பணச் சிம் 90 நாள் பயன்பாடின்றிக் கிடந்தால் எண் பறிபோகக்கூடும்.

அமீரகத்தில் உரிமம் பெற்ற செயலிகள் வழியாகவே இணையத்தில் பேசலாம். 'போட்டிம்' அவற்றுள் ஒன்று. அதனைத் தாயாரின் கைப்பேசியிலும் பதிந்து, இயக்கக் கற்பித்துவிட்டுப் புறப்படுங்கள். பணமும் மிஞ்சும், பெற்றவள் மனமும் குளிரும்.