மாமாவின் தக்காளியும் என் ஆப்பின் 97 சதவீதமும்

போன கார்த்திகையில் ஒருநாள் காலை, பாலக்கோடு பக்கத்திலிருந்து மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, உன் ஆப்புல இலைய போட்டோ புடிச்சுப் பாத்தேன். பின்பருவ இலைக்கருகலாம். 97 பர்சன்ட்டுன்னு போட்டிருக்கு. மருந்து வாங்கியாந்துட்டேன், ஆயிரத்து நானூறு ரூவா. எனக்கென்னமோ பாத்தா சுருட்டை மாதிரிதான் தெரியுது. ஆனா போனே சொல்லுதே. அடிச்சிரட்டுமா?"

"இருங்க மாமா, அடிக்காதீங்க. போட்டோவ அனுப்புங்க"ன்னு சொல்லி வாங்கிப் பார்த்தேன். இலை மேல்நோக்கி மடிஞ்சிருக்கு, ஓரம் மஞ்சள், செடி குட்டையா நிக்குது. சுருட்டையேதான். அது வெள்ளை ஈ பரப்புற வைரஸ் நோய். மாமா வாங்கி வந்தது பூஞ்சாணக்கொல்லி. அதை அடிச்சா வைரஸுக்கு ஒண்ணும் ஆகாது, காசுதான் போகும்.

முப்பது வருஷமாகத் தக்காளி போடுகிற மனுஷன். அவர் கண்ணு சரியாகத்தான் சொன்னது. நான் எழுதிக் கொடுத்த ஆப் ஒரு எண்ணைக் காட்டியதும் தன் கண்ணையே சந்தேகப்பட்டுவிட்டார். ஆப் தப்பாச் சொன்னதைவிட அதுதான் என்னை உறுத்தியது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது, மொபைல் ஆப்பில் செயற்கை நுண்ணறிவு சேர்ப்பது என்றால் உண்மையில் என்ன செய்கிறோம், நான் எங்கெல்லாம் சறுக்கினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் சாதாரண ஆண்ட்ராய்டு டெவலப்பர். ஏஐ படித்தவன் இல்லை. அதனால் கணிதம் அதிகம் வராது, பயப்படாமல் படிக்கலாம்.

இரண்டு வழி

ஒரு ஆப்பில் ஏஐ வேண்டுமென்றால் இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியில், போட்டோவை இணையம் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறோம். பெரிய மாடல் அங்கே ஓடும், பதில் திரும்பி வரும். ஆரம்பிக்க சுலபம். ஆனால் சிக்னல் வேண்டும், ஒவ்வொரு கேள்விக்கும் காசு, பயனரின் படம் அவர் கையை விட்டுப் போகிறது.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சர்வருக்கான ரகசியச் சாவியை ஆப்புக்குள்ளேயே எழுதி வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு ஆப் என்பது கிட்டத்தட்ட ஒரு ஜிப் ஃபைல்தான். யார் வேண்டுமானாலும் பிரித்து, உள்ளே இருக்கிற எழுத்துகளைத் தேடி எடுக்கலாம். அப்புறம் அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பில் உங்களுக்கு வரும். நடுவில் உங்களுடைய ஒரு சின்ன சர்வரை வைத்து, சாவியை அங்கே வையுங்கள்.

இரண்டாவது வழியில், மாடலையே போனுக்குள் வைத்துவிடுகிறோம். 2017-ல் கூகுள் டென்சர்ஃப்ளோ லைட்டைக் கொண்டுவந்தது. அதே வருஷம் ஆப்பிள் கோர் எம்எல்லைக் கொண்டுவந்தது. டென்சர்ஃப்ளோ லைட்டுக்கு 2024-ல் லைட்ஆர்டி என்று பெயர் மாற்றிவிட்டார்கள், வேலை அதேதான். முகம் கண்டுபிடிப்பது, பார்கோடு படிப்பது மாதிரி பொதுவான வேலை என்றால், மாடலே நீங்கள் தயாரிக்க வேண்டாம். எம்எல் கிட் என்று கூகுள் தயாராகவே தருகிறது.

மாமா தோட்டத்தில் ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெரிய விஷயம். அதனால் நான் இரண்டாவது வழியை எடுத்தேன்.

போனுக்குள் என்ன நடக்கிறது?

மாடல் என்பது ஒரு ஃபைல். அதற்குள் இருப்பதெல்லாம் எண்கள். நான் எடுத்தது மொபைல்நெட். கூகுள் ஆட்கள் 2017-ல் போன்களுக்கென்றே வடிவமைத்தது. அதன் முதல் பதிப்பில் சுமார் 42 லட்சம் எண்கள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் ஏறக்குறைய 17 எம்பி. படத்தின் மேல் வடிகட்டியை ஓட்டுகிற கணக்கை இரண்டு சின்னக் கணக்காக உடைத்திருக்கிறார்கள். அந்த ஒரு தந்திரத்தாலேயே கணக்கு வேலை 8, 9 மடங்கு குறைகிறது.

அதையும் குறைக்கலாம். 4 பைட்டில் இருக்கிற தசம எண்ணை 1 பைட் முழு எண்ணாகச் சுருக்கினால் ஃபைல் கால்வாசியாகிவிடும், 4 எம்பி சொச்சம். துல்லியம் கொஞ்சம் குறையும், பல நேரம் கண்ணுக்கே தெரியாது. கிராம் தராசில் நிறுத்த காய்கறியை அரைக்கிலோ, முக்கால் கிலோ என்று சொல்வது போல. சமையலுக்கு அது போதும்.

ஆப் செய்வது இதுதான்: கேமரா படத்தை 224-க்கு 224 புள்ளிகளாகச் சுருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். மொத்தம் 1,50,528 எண்கள். அதை மாடலிடம் கொடுத்தால் பத்து எண் திரும்பி வரும். என் மாடலில் தக்காளிக்கு ஒன்பது நோய், 'நல்ல இலை' ஒன்று. ஆக பத்து.

மாடலை ஆதியிலிருந்து பழக்கவில்லை. லட்சக்கணக்கான பொதுவான படங்களில் ஏற்கெனவே பழகிய மொபைல்நெட்டை எடுத்து, கடைசி அடுக்கை மட்டும் மாற்றி, தக்காளி இலைகளைக் காட்டிப் பழக்கினேன். ஓட்டத் தெரிந்தவருக்குப் புது ஊர் வழி சொல்லிக் கொடுக்கிற மாதிரி. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் சோதித்தால் 98 சதவீதம் சரி. நான் தரையில் நடக்கவில்லை!

முதல் சறுக்கல்: சத்தம் போடாத பிழை

அதே மாடலைப் போனில் போட்டேன். எந்த இலையைக் காட்டினாலும் ஏதோ ஒரு நோயைச் சொன்னது. கிராஷ் இல்லை, எர்ரர் இல்லை. பதில் மட்டும் தப்பு.

இரண்டு நாள் போனது. காரணம் அல்பம். பழக்கும்போது புள்ளிகளின் மதிப்பு -1 முதல் 1 வரை இருந்தது. ஆப்பில் நான் 0 முதல் 1 வரை கொடுத்திருந்தேன். அது போதாதென்று, போன் கேமராவின் சென்சார் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும், அதனால் படம் 90 டிகிரி திரும்பி வரும். திரையில் காட்டும்போது சிஸ்டமே நிமிர்த்திவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரியாது. மாடலுக்குப் போவது படுத்த படம்.

சாதாரண புரோகிராமில் தப்பான பொருளைக் கொடுத்தால் கத்தும். மாடல் கத்தாது. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு ஒரு பதிலைச் சொல்லும். இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான்: ஒரே படத்தை கம்ப்யூட்டரிலும் போனிலும் கொடுத்து, வருகிற பத்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தசமத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் வழியில் எங்கோ படம் கெடுகிறது.

இரண்டாம் சறுக்கல்: மாடல் எதைப் பார்த்தது?

அதைச் சரிசெய்து மாமா கையில் கொடுத்தேன். அப்புறம் நடந்ததுதான் ஆரம்பத்தில் சொன்னது. கம்ப்யூட்டரில் 98 வாங்கிய மாடல் தோட்டத்தில் ஏன் தோற்றது?

நான் பழக்கியது பிளான்ட்வில்லேஜ் என்ற புகழ்பெற்ற படத் தொகுப்பை வைத்து. 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள், பயிரும் நோயுமாகச் சேர்த்து 38 வகை. இதை வைத்து மொகந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் 2016-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 99.35 சதவீதம் துல்லியம். எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் இது. அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31.4 சதவீதம். அவர்கள் எதையும் மறைக்கவில்லை, தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு ஓடியது நான்தான்.

ஏன் இவ்வளவு இறக்கம்? அந்தப் படங்களில் இலையைச் செடியிலிருந்து பறித்து, ஒரு தாள் மேல் வைத்து எடுத்திருக்கிறார்கள். மாமா எடுப்பதில் மண், களை, சொட்டுநீர்க் குழாய், நிழல், அவர் விரல், பின்னால் இன்னும் இருபது இலை.

2022-ல் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. படத்தின் பின்னணியிலிருந்து வெறும் 8 புள்ளிகளை எடுத்து, இலையைக் காட்டாமலே, ஒரு எளிய மாடலைப் பழக்கினார்கள். 38 வகையில் 49 சதவீதம் சரியாகச் சொன்னது! கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6 சதவீதம்தான் வர வேண்டும். அப்படியென்றால், ஒவ்வொரு நோயின் படங்களையும் எடுத்த இடம், வெளிச்சம், தாளின் நிறம் எல்லாம் நோயோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. பரீட்சைத் தாளின் நிறத்தைப் பார்த்து விடை எழுதுகிற பையன் மாதிரி, மாடல் இலையை விட்டுவிட்டுத் தாளைப் படிக்கவும் வழி இருக்கிறது.

மூன்றாம் சறுக்கல்: 97 என்ற எண்

சரி, தப்பு நடக்கலாம். ஆனால் தப்பை ஏன் 97 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டும்?

மாடலின் உள்ளிருந்து முதலில் வருவது வெறும் மதிப்பெண்கள். உதாரணத்துக்கு மூன்று வகை என்று வைத்துக்கொள்வோம், மதிப்பெண் 2, 1, 0. சாஃப்ட்மேக்ஸ் என்ற கணக்கு இவற்றைக் கூட்டினால் 100 வருகிற மாதிரி மாற்றும்: 66.5, 24.5, 9. முதல் மதிப்பெண் 2-க்குப் பதில் 6 ஆக இருந்தால், 99 சதவீதத்துக்கு மேல் தாவிவிடும்.

கவனியுங்கள், கூட்டினால் 100 வந்தே தீர வேண்டும். 'எனக்குத் தெரியல' என்று சொல்ல அங்கே இடமே இல்லை. அன்று ராத்திரி என் செருப்பைப் போட்டோ எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். செப்டோரியா இலைப்புள்ளி என்றது, 91 சதவீதத்தில். பத்துக் கட்டத்தில் ஒன்றை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் செருப்புக்கும் நோய் வரும்.

ஆக, 97 என்பதற்கு 'நூற்றில் 97 தடவை நான் சரி' என்று அர்த்தமில்லை. 'எனக்குத் தெரிந்த பத்துக்குள் இதற்குத்தான் மதிப்பெண் அதிகம்' என்பதுதான் அர்த்தம். ஆனால் மாமாவுக்கு 97 என்றால் என்ன? பரீட்சையில் 97 வாங்கிய பிள்ளை. அந்தப் பிள்ளை சொல்வதை யார்தான் மறுப்பார்கள்?

என்ன மாற்றினேன்

ஒன்று, படங்கள். நாலு வாரக் கடைசி மாமா தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும், சாதாரண போனில், வெயில், மேகமூட்டம், சாயங்காலம் என்று எடுத்தேன். எது என்ன நோய் என்று மாமாவும் தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவரும் பிரித்துக் கொடுத்தார்கள்.

இரண்டு, சோதனை. முன்பு எல்லாப் படத்தையும் கலக்கி, அதிலிருந்து கொஞ்சம் சோதனைக்கு எடுப்பேன். ஒரே செடியின் ஐந்து படத்தில் மூன்று பயிற்சியிலும் இரண்டு சோதனையிலும் போய்விடும். வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்த கதை. இப்போது ஒரு தோட்டம் முழுவதையும் சோதனைக்கென்று ஒதுக்கிவிட்டேன். எண் 98-லிருந்து எழுபத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் இதுதான் நிஜமான எண்.

மூன்று, 'இது தக்காளி இலை இல்லை' என்று பதினொன்றாவது வகை. மண், கை, களை, செருப்பு, எல்லாப் படமும் அதில்.

நான்கு, சதவீதத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். முதல் இரண்டு நோயையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் உறுதி செய்ய எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். "இலை மேலே மடிந்திருக்கிறதா? அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா?" மதிப்பெண் குறைவாக இருந்தால், "என்னால் சொல்ல முடியவில்லை, இலையோடு ஆபீஸரைப் பாருங்கள்" என்று மட்டும் வரும். மருந்தின் பெயர் எங்கேயும் வராது.

இந்த நான்கில் முதல் மூன்றும் மாடல் சம்பந்தப்பட்டவை. நான்காவதற்கு ஏஐ எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் மாமாவுக்கு உபயோகப்பட்டது அதுதான்.

கற்க ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு: முதலில் தயாராக இருக்கிற மாடலை எடுத்து ஒரு சின்ன ஆப் ஓட்டுங்கள், ஒரு வாரம் போதும். அடுத்து உங்கள் சொந்தப் படங்களில் பழக்குங்கள். மூன்றாவதாக, ஆப்பை உங்கள் மேஜையில் சோதிக்காமல், அதை உபயோகிக்கப் போகிறவர் பக்கத்தில் நின்று, வாயை மூடிக்கொண்டு, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது இந்த மூன்றாவதுதான்.

அந்த ஆயிரத்து நானூறு ரூபாயை நான் தருகிறேன் என்றேன். மாமா வாங்கவில்லை. மருந்து டப்பா இன்னும் மோட்டார் ரூமில் பிரிக்காமல் இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது ஒரு இலையைக் காட்டி, "இது என்னன்னு சொல்லு பாப்போம்" என்றார். ஆப் இரண்டு பெயரைக் காட்டி, இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னது. அவர் திருப்பிப் பார்த்தார். "செம்பேன்டா. உன் போனு இப்பதான் கொஞ்சம் அடங்கிப் பேசுது" என்றார்.