ஜூன் மாதத்தில் மூன்று நாட்கள்

சம்பள நாள் நமக்கு மறப்பதில்லை. மும்பைத் தமிழர்கள் ஜூன் மாதக் காலண்டரில் இன்னும் மூன்று நாட்களைக் குறித்துக்கொள்வது நல்லது.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். 1972-ல் ஸ்டாக்ஹோம் மாநாடு தொடங்கிய நாள். மும்பையில் மழை நெருங்கும் சமயமும் இதுவே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடியாததற்குச் சாக்கடைகளை அடைத்த பிளாஸ்டிக் பைகளும் ஒரு காரணம். கடைக்குத் துணிப்பையுடன் செல்வோம்.

ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்புத் தினம். 2002 முதல் அனுஷ்டிக்கப்படுகிறது. "தொழில் கற்றுக்கொள்ளட்டும்" என்று ஊரிலிருந்து பையன்களை அழைத்து வருவோரில் நம்மவர்களும் உண்டு. 14 வயது நிரம்பாதவர்களை டீக்கடையிலோ பட்டறையிலோ வேலைக்கு வைப்பது குற்றம். கிளாஸ் கழுவும் சிறுவனைக் கண்டால் 1098-க்கு போன் செய்யலாம், கட்டணம் இல்லை. அவன் பள்ளிக்கூடம் போக வேண்டியவன்.

ஜூன் 14, ரத்த தானம் செய்வோர் தினம். ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்த நாள் (1868). ஆரோக்கியமான ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். ஊரில் ஓர் ஆபத்து என்றால் உறவினர் ஓடி வருவர். இங்கே பக்கத்து அறைக்காரர்தான் உறவு. அவருடைய ரத்த வகை என்ன என்று இன்றே கேட்டு வையுங்கள். உங்களுடையதையும் சொல்லி வையுங்கள்.