மேடையும் ஒளிநாடாவும்

பள்ளி மேடையில் ஒரு நாடகம் நடந்து முடிகின்றது. திரை விழுகின்றது, விளக்குகள் அணைகின்றன. அவ்விரவு அங்கே ஒலித்த சொல்லும், முகங்களில் தோன்றிய மெய்ப்பாடும் மீண்டும் வாரா. மறுநாள் அதே மாணவர் அதே நாடகத்தை நடித்தாலும் அது வேறொரு நாடகமே ஆகும். ஒளிநாடாவில் பதிந்த காட்சியோ அத்தகையதன்று. அதனை வேண்டியபோது நிறுத்தலாம், பின்னோக்கிச் சுழற்றலாம், நூறு முறை கண்டாலும் அது சிறிதும் மாறாது. இவ்விரண்டும் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அமெரிக்க இளைஞரின் வாழ்வில் ஒருங்கே இடம்பெற்றன. இவற்றுள் ஒன்று மற்றொன்றை அழித்ததா? அதனை ஈண்டு ஆராய்வோம்.

ஒளிநாடாப் பொறி முதலில் வீட்டுக்கெனத் தோன்றியதன்று. 1956ஆம் ஆண்டில் ஆம்பெக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தொலைக்காட்சி நிலையங்களுக்காக ஒரு பதிவுப் பொறியை உருவாக்கிற்று. அது பெரிய அலமாரி போன்றது, விலையும் மிகுதி. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றபின், 1975இல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்னும் பொறியையும், 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். என்னும் பொறியையும் ஜப்பானில் வெளியிட்டன. இவை விரைவில் அமெரிக்காவுக்கும் வந்தன.

இப்பொறிகள் செயற்படும் முறை வியப்பிற்குரியது. நெகிழ்வான நாடாவின்மேல் காந்தத்தன்மையுள்ள நுண்பொடி பூசப்பட்டிருக்கும். விரைந்து சுழலும் உருளையொன்றில் பதிவுமுனைகள் பொருத்தப்பட்டிருக்கும். அம்முனைகள் நாடாவின் குறுக்கே சாய்வான கோடுகளாகக் காட்சியைப் பதியும். நாடா மெல்ல நகர, முனைகள் விரைந்து சுழல்வதால், சிறியதொரு பெட்டிக்குள் நெடுநேரக் காட்சி அடங்கிற்று. முதலில் வந்த பீட்டாமேக்ஸ் நாடாவில் ஒரு மணி நேரமே பதியலாம். வி.எச்.எஸ். நாடாவிலோ இரண்டு மணி நேரம் பதியலாம். ஒரு திரைப்படம் முழுவதும் அதில் அடங்கும். அது மக்களிடையே வெற்றி பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தொடக்கத்தில் இப்பொறியின் விலை ஆயிரம் டாலருக்கும் மேற்பட்டிருந்தது. திரைப்பட நாடாக்களும் எளிதில் வாங்கத்தக்கனவாக இல்லை. 1977ஆம் ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் நாடாக்களை வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார். பின்னர் இத்தகைய கடைகள் நாடெங்கும் பெருகின. இதற்கிடையே, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை மக்கள் வீட்டிலே பதிவு செய்தல் முறையன்று எனக் கூறி, யூனிவர்சல், டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் 1976இல் சோனியின்மேல் வழக்குத் தொடுத்தன. பின்னர்க் காண்பதற்காக வீட்டில் பதிவு செய்தல் குற்றமாகாது என 1984ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்றனர் எனின், அவ்வழக்கின் கடுமை விளங்கும்.

1980களின் இறுதிக்குள் அந்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இப்பொறி இடம்பெற்றது. முன்னர்த் திரையரங்கத்தார் குறித்த நாளில், குறித்த நேரத்தில் மட்டுமே ஒரு படத்தைக் காண முடிந்தது. இப்போதோ வார இறுதியில் நண்பர் சிலர் ஒரு வீட்டில் கூடி, தாம் விரும்பிய படத்தை விரும்பிய வேளையில் கண்டு களித்தனர். இவ்வாறு வீடே திரையரங்கம் ஆகிவிட்டால், பள்ளி நாடகத்தை நாடுவார் யார் என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

ஆயினும் பள்ளி மேடை மறையவில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நாடகம் வேரூன்றிய கலையாகும். மேற்கு வர்ஜீனியாவிலுள்ள ஃபேர்மான்ட் என்னும் ஊரில் 1929இல் தோன்றிய தெஸ்பியன் சங்கம், பள்ளி நாடக மாணவரை இன்றுவரை ஒன்று சேர்த்து வருகின்றது. நடிப்போர் சிலரே எனினும் நாடகத்துக்கு உழைப்போர் பலர். ஒருவர் பலகைக்கு வண்ணம் தீட்டுவார். ஒருவர் உடை தைப்பார். ஒருவர் விளக்குகளை இயக்குவார். ஒருவர் திரைமறைவில் நின்று, மறந்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். ஒருவர் தவறினால் அனைவரும் இடர்ப்படுவர். இப்பாடத்தை ஒளிநாடா கற்பிக்க இயலாது.

அப்பள்ளிகளில் பன்முறை நடிக்கப்பெற்ற நாடகங்களுள் ஒன்று, தார்ன்டன் வைல்டர் 1938இல் அளித்த ‘அவர் டவுன்’ என்பதாகும். இதற்குப் பெரிய காட்சியமைப்பு வேண்டா. சில நாற்காலிகளும் மேசைகளும் ஏணிகளுமே போதும். ஆதலின் சிறு பள்ளிகளும் இதனை எளிதில் மேற்கொண்டன. இந்நாடகத்தின் இறுதியில், இறந்துபோன எமிலி என்னும் இளம்பெண் தன் வாழ்வின் ஒரு நாளுக்கு மட்டும் திரும்பிச் செல்கின்றாள். அது அவளுடைய பன்னிரண்டாம் பிறந்தநாள். தாய் அடுக்களையில் பரபரப்பாக இருக்கின்றாள். ஒருவரும் ஒருவரை நின்று நோக்கவில்லை. அந்நாளின் அருமையை எவரும் உணரவில்லை. அது கண்டு ஆற்றாத எமிலி, கல்லறைக்கே மீள்கின்றாள். நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றக் கற்ற தலைமுறைக்கு இக்கதை ஓர் உண்மையை உணர்த்திற்று. கடந்த நாளை மீண்டும் காணினும், அதனை மீண்டும் வாழ்தல் இயலாது; வாழும் பொழுதே அதன் அருமையை அறிதல் வேண்டும்.

அங்ஙனமாயின் ஒளிநாடா இளைஞரைச் சோம்பராக்கியதோ எனின், எல்லாரையும் அவ்வாறு செய்ததெனக் கூறலாகாது. மிசிசிப்பி மாநிலத்துக் கடற்கரை ஊரில் வாழ்ந்த எரிக் ஸாலா, கிறிஸ் ஸ்டிராம்போலஸ், ஜேசன் லாம்ப் என்னும் சிறுவர் மூவர் இதற்குச் சான்றாவர். ஸ்டீவன் ஸ்பில்பெர்க் இயக்கி 1981இல் வெளிவந்த ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ என்னும் படத்தில் அவர்கள் உள்ளம் தோய்ந்தனர். அப்படத்தைக் காட்சிக்குக் காட்சி தாமே மீண்டும் எடுப்பது என 1982இல் துணிந்தனர். அப்போது அப்படம் ஒளிநாடாவாக வெளிவரவில்லை. எனவே நினைவையும் கிடைத்த நூல்களையும் துணைக்கொண்டு, ஸாலா அறுநூற்றுக்கும் மேற்பட்ட காட்சிப் படங்களை வரைந்தார். வீட்டின் நிலவறையே அவர்களுக்குப் படப்பிடிப்புக் கூடம்; குரங்குக்கு மாற்றாக நடித்தது அவர்கள் வளர்த்த நாய்; பிற வேடங்களை ஏற்றவர் அயல்வீட்டுப் பிள்ளைகள். கோடை விடுமுறைதோறும் உழைத்து, 1989இல் பணியை ஏறத்தாழ நிறைவேற்றினர். காட்சிகளை வரிசைப்படி எடுக்காமையால், ஒரு காட்சியில் சிறுவனாகத் தோன்றுபவன் அடுத்த காட்சியில் இளைஞனாக நிற்பான், மீண்டும் சிறுவனாவான். பின்னாளில் இதனைக் கண்ட ஸ்பில்பெர்க், அவர்களைப் பாராட்டி மடல் எழுதினார். எஞ்சியிருந்த விமானக் காட்சியை அவர்கள் 2014இல் எடுத்து முடித்தனர்.

மாணவர்களே! பள்ளி மேடையில் நின்றவரும், நிலவறையில் படமெடுத்தவரும் கையாண்ட கருவிகள் வேறு. அவர்கள் பெற்ற இன்பம் ஒன்றே. பிறர் ஆக்கியதைக் கண்டு களித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நண்பரோடு கூடித் தாமும் ஒன்றை ஆக்கினர். வாடகை நாடாக்கடைகள் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன. நாடாவுக்குப் பின் வட்டுகள் வந்தன. இன்று உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியே திரையாகவும் படப்பிடிப்புக் கருவியாகவும் விளங்குகின்றது. கருவி எதுவாயினும், அதன்முன் அமர்ந்து பொழுதைக் கழிப்பதும், அதனைக் கொண்டு ஒன்றைப் படைப்பதும் நம் விருப்பத்தைப் பொறுத்தனவே. உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு சிறு வேடமோ, திரையிழுக்கும் பணியோ கிடைப்பின், அதனைத் தயங்காது ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த மாலைப்பொழுது மீண்டும் வாராது.